தூண்டில் போடும் இடத்தில் தெரியாத பூச்சி: தாமிரபரணிக் கரையில் அடையாளம் காண்பது எப்படி?

அந்தி சாயும் நேரம் தாமிரபரணியில் தூண்டில் போடுகிறவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. ஓட்டத்துக்கு மேலே வெளிறிய சிறு பூச்சிகள் கூட்டமாக ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். கீழே மீன் மேலே வந்து வாய் திறந்து மூடும். இருட்டியதும் பாலத்து விளக்கடியில் அதே பூச்சி குவிந்து கிடக்கும். மறுநாள் காலை அதன் படம் வாட்ஸ்ஆப்பில் சுற்றத் தொடங்கிவிடும். 'ஈசல்' என்பார் ஒருவர். 'ஆத்துல சாக்கடை கலந்ததால வந்த பூச்சி' என்பார் இன்னொருவர். 'கடிச்சா விஷம்' என்கிற மூன்றாவது செய்திதான் வேகமாகப் பரவும்.

விளக்கடியில் கிடந்தது மேஃப்ளை, அதாவது தண்ணீருக்குள் வளர்ந்து கடைசியில் மட்டும் பறக்கும் ஆற்றுப் பூச்சி, என்றால் மூன்றுமே தவறு. மேஃப்ளை ஈசல் இல்லை. வளர்ந்த மேஃப்ளையின் வாய் உறுப்புகள் சுருங்கிப்போனவை என்பதால் அதனால் கடிக்கவும் முடியாது, தின்னவும் முடியாது. அதன் பல வகைகள் சாக்கடைத் தண்ணீரில் பிழைக்கவே மாட்டா. படத்தில் இருப்பது மேஃப்ளைதானா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை சொல்லப் பூச்சியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

ஏன் இவை 'தெரியாத' பூச்சிகளாகவே இருக்கின்றன

ஆற்றுப் பூச்சிகளில் முக்கியமான சில கூட்டங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள்ளேயே கழிக்கின்றன. கல்லடியிலும் சருகுக் குவியலிலும் மணலிலும் மாதக்கணக்கில் வளர்ந்து, கடைசியில் இனப்பெருக்கத்துக்காக மட்டும் இறக்கை முளைத்து வெளியே வருகின்றன. மேஃப்ளையின் பறக்கும் வாழ்க்கை சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். கரையில் நிற்பவர் கண்ணில் படுவது இந்தக் கடைசி அத்தியாயம் மட்டும்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பூச்சி பருவத்துக்குப் பருவம் வேறு வேறு உருவத்தில் இருக்கும். கல்லடியில் தட்டையாக ஊர்வதும், நாணலில் மங்கலான இறக்கையோடு உட்கார்ந்திருப்பதும், அந்தியில் கண்ணாடி இறக்கையோடு பறப்பதும் ஒரே இனமாக இருக்கலாம். 'மூன்று பூச்சி பார்த்தேன்' என்று சொல்பவர் மூன்று பருவங்களைப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனத்தின் பெயர் வரை போகப் பார்ப்பதும் ஒரு தவறு. உலகில் மேஃப்ளை மட்டும் 3,500 இனங்களுக்கு மேல். அந்துப்பூச்சி போலத் தெரியும் கேடிஸ் என்ற ஆற்றுப் பூச்சி 15,000-க்கு மேல். மேற்குத் தொடர்ச்சி மலையின் இனங்கள் பலவற்றை நுண்ணோக்கியில் வைத்து, ஆணின் பின்முனை உறுப்புகளைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். தூண்டில்காரருக்கும் ஆற்றின் நிலையைக் கவனிப்பவருக்கும் கூட்டமும் (மேஃப்ளை, கேடிஸ் போன்ற பெரும்பிரிவு) குடும்பமும் (அதன் உட்பிரிவு) தெரிந்தாலே போதும்.

டிரவுட் தூண்டில்காரர்களிடமிருந்து வந்த முறை

இந்தப் பூச்சிகளைக் கரையிலேயே பிரித்தறியும் பழக்கம் வளர்ந்தது டிரவுட் மீன்பிடிப்பில்தான். குளிர்ந்த ஓடையில் வாழும் அந்த மீன் மிதந்து வரும் பூச்சியை விரும்பித் தின்னும். ஆகவே முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரி செய்து வீசுவார்கள். எந்தப் பூச்சி, எந்தப் பருவம் என்று தெரியாமல் வீசினால் மீன் திரும்பிப் பார்க்காது. இறக்கை மங்கிய மேஃப்ளையை 'டன்' என்றும், கண்ணாடி இறக்கை வந்ததை 'ஸ்பின்னர்' என்றும், கேடிஸை 'செட்ஜ்' என்றும் அவர்கள் சொல்வது இப்படி வந்த வழக்கு.

தமிழ்நாட்டில் டிரவுட் என்றால் நீலகிரிதான். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன் அது. அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிப்பகம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் டிரவுட் கிடையாது, விட்டாலும் நிற்காது. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கிவிடும். இங்கே சமவெளிப் படுகையில் வெயில் காலத்தில் 28, 30 டிகிரி சாதாரணம். குளிர்ந்த தண்ணீர் அதிக ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும்: கடல்மட்ட அழுத்தத்தில் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம், 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் 7.5. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூச்சி மலையடிவாரப் பாபநாசத்துக்கு மேலே நின்றுவிடும், எது சமவெளியில் உள்ள திருவைகுண்டம் வரை வரும் என்பதிலும் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

மீன் வேறானாலும் முறை அப்படியே பொருந்தும். பொருந்தாதது அவர்களுடைய நாட்காட்டி. மே மாதத்தில் இந்தப் பூச்சி, ஜூனில் அந்தப் பூச்சி என்று இங்கிலாந்து, அமெரிக்கக் கையேடுகளில் உள்ள அட்டவணைகள் குளிர்நாட்டுக்கு உரியவை. வெப்பநாட்டு ஆறுகளில் பல இனங்கள் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை போடும். ஏறக்குறைய எல்லா மாதமும் ஏதோ ஒன்று வெளிவந்துகொண்டிருக்கும். அந்த அட்டவணையை வைத்து இங்கே பெயர் சொன்னால் தப்பாகத்தான் முடியும்.

இறக்கை உள்ள பூச்சி: ஐந்து கேள்விகள்

பூச்சி பறக்கும்போது எதையும் முடிவு செய்யாதீர்கள். உட்காரும் வரை பொறுங்கள். நிறத்தையும் கடைசிக்கு ஒதுக்குங்கள். விளக்கொளியில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும்.

1. உட்கார்ந்திருக்கும்போது இறக்கை எப்படி இருக்கிறது? எல்லாவற்றிலும் பெரிய அடையாளம் இதுதான். கைகூப்பியது போல முதுகுக்கு மேலே செங்குத்தாகச் சேர்ந்திருந்தால் மேஃப்ளை அல்லது ஊசித்தட்டான். முதுகோடு ஒட்டித் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் ஸ்டோன்ஃப்ளை (ஓடைக் கல்லடியில் வளரும் பூச்சி) அல்லது ஈசல். இருபுறமும் சரிந்து முதுகில் முகடு தெரிந்தால் கேடிஸ். இருபக்கமும் விரிந்தே இருந்தால் தட்டான்.

2. வால் இழை எத்தனை? மேஃப்ளைக்கு இரண்டோ மூன்றோ, பெரும்பாலும் உடம்பைவிட நீளமாக இருக்கும். ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு, சில சமயம் குட்டையாக இருந்து இறக்கைக்குள் மறைந்துவிடும். கேடிஸுக்கும் தட்டானுக்கும் இழை கிடையாது. ஈசலுக்கும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

3. உணர்கொம்பு எவ்வளவு நீளம்? மேஃப்ளைக்கும் தட்டானுக்கும் கண்ணுக்கு அருகில் இரண்டு குட்டை முடி, அவ்வளவுதான். ஸ்டோன்ஃப்ளைக்கு நூல் போன்று நீண்டது. கேடிஸுக்கு உடம்பளவு அல்லது அதற்கும் மேல்.

4. இறக்கை எத்தனை ஜோடி? ஒரே ஜோடி என்றால் ஈ, கொசு வகை. இங்கே ஒரு பொறி இருக்கிறது: கீனிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த குட்டி மேஃப்ளைகளுக்குப் பின் இறக்கையே கிடையாது. உடம்பு சில மில்லிமீட்டர்தான். கொசு என்று தள்ளிவிடுவோம். வால் இழைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

5. இறக்கையின் மேல்பரப்பு எப்படி? மயிர் அடர்ந்திருந்தால் கேடிஸ். தொட்டால் பொடி ஒட்டினால் அந்துப்பூச்சி. நரம்பு வலை தெளிவாகத் தெரிந்து கண்ணாடியாக இருந்தால் வளர்ந்த மேஃப்ளை அல்லது தட்டான்.

முதல் மூன்று கேள்விகளின் விடையும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒன்று மட்டும் பொருந்தி மற்ற இரண்டும் இடித்தால் வேறு கூட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பூச்சி, இரண்டு இறக்கை

மேஃப்ளையிடம் மட்டும் உள்ள ஒரு வினோதம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மற்ற பூச்சிகளுக்கெல்லாம் பறக்கும் இறக்கை வந்த பிறகு தோலுரிப்பு நின்றுவிடும். மேஃப்ளை மட்டும் இறக்கை வந்த பின்னும் ஒருமுறை தோல் உரிக்கும்.

தண்ணீர்ப் பரப்பில் வெளிவந்த பூச்சி முதலில் கரையோர நாணலிலோ உங்கள் சட்டைத் தோளிலோ வந்து உட்காரும். இறக்கை சாம்பல் பூசியது மாதிரி மங்கி, ஓரத்தில் மெல்லிய மயிரோடு இருக்கும். சில இனங்கள் சில நிமிடமும் சில இனங்கள் ஒரு நாள் வரையும் இந்த நிலையில் இருக்கும். பிறகு அசையாமல் கால்களை ஊன்றிக்கொள்ளும். மார்பின் முதுகுப் பக்கம் நீளவாக்கில் பிளக்கும். முதலில் மார்பு புடைத்து வரும். அடுத்து தலையும் முன்கால்களும். இறக்கை தன் உறையிலிருந்து சுருங்கி வழுக்கி வெளியே வந்து உடனே நிமிரும். கடைசியாக வால் இழைகள். காலியான தோல் கால், இழை, இறக்கை உறை எல்லாவற்றோடும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிவந்த பூச்சி பளபளப்பாக, இறக்கை தெளிவாக, இழைகள் முன்பைவிட நீளமாக இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு இனம் என்றே யாரும் சொல்வார்கள்.

அந்தியில் ஏறி இறங்கும் கூட்டம் பெரும்பாலும் ஆண்கள். ஆணின் முன்கால் மிக நீளம், கண் பெரிது. பல இனங்களில் கண்ணின் மேல்பாதி தனியாகப் பெருத்து, தலைக்கு மேல் தொப்பி வைத்தது மாதிரி இருக்கும். மேலே பறந்து வரும் பெண்ணைக் கீழிருந்து பார்க்க வசதியான கண் அது. பெண் கூட்டத்துக்குள் நுழைந்து, கூடி, தண்ணீரில் முட்டையிட்டுச் சாகும். மீன் அதிகம் மேலே வருவது இந்த நேரத்தில்தான்.

பாலத்து விளக்கில் குவிவதற்குக் காரணமும் முட்டையோடு சேர்ந்தது. தண்ணீர்ப் பரப்பிலிருந்து திரும்பும் ஒளியின் ஒருவித ஒழுங்கை, அதாவது கிடைமட்டமாக மட்டும் அதிரும் ஒளியை, வைத்துத்தான் இந்தப் பூச்சிகள் தண்ணீரை இனம் காண்கின்றன. தார்ச்சாலையும் காரின் மேல்பரப்பும் அதே மாதிரி ஒளியைத் திருப்பும். ஆறு என்று நினைத்து ரோட்டில் முட்டையிட்டுவிடும். உடல்கள் நசுங்கிக் குவிந்தால் இருசக்கர வண்டி வழுக்கும். அந்தக் குவியலால் நமக்கு வரும் முக்கியமான ஆபத்து அதுதான்.

அடிக்கடி மாறிப்போகும் ஜோடிகள்

ஈசலும் மேஃப்ளையும்: ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான். நான்கு இறக்கையும் ஒரே அளவு, உடம்பைத் தாண்டி நீண்டு முதுகில் படுத்திருக்கும், தொட்டாலே கழன்று விழும். மேஃப்ளையின் முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது, கழலாது. விளக்கடியில் உடம்பில்லாத இறக்கைகள் தனியாகச் சிதறிக் கிடந்தால் அது ஈசல். ஈசலின் புறப்பாடு மழையோடு சேர்ந்தது. கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் புற்றிலிருந்து கிளம்பும். மழையே இல்லாத மாதத்தில் ஆற்றுப் பாலத்தில் மட்டும் குவிந்தால் ஈசல் என்று சொல்லத் தயங்குங்கள்.

அந்துப்பூச்சியும் கேடிஸும்: அந்துப்பூச்சிக்கு இறக்கையில் செதில் பொடி, பெரும்பாலும் சுருட்டிய உறிஞ்சுகுழலும் இருக்கும். கேடிஸுக்கு இரண்டும் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது கேடிஸ் தன் நீண்ட கொம்புகளை முன்னால் சேர்த்து நீட்டியிருக்கும்.

கொசுவும் கைரோனோமிடும்: கைரோனோமிட் கொசு மாதிரியே தெரியும் பூச்சி. அதன் ஆணுக்கு மயிலிறகுத் தூவி மாதிரி அடர்ந்த கொம்பு, உட்காரும்போது முன்கால் இரண்டையும் தூக்கி வைத்திருக்கும், கடிக்காது. கொசு தூக்குவது பின்காலை. குளக்கரையிலும் தேங்கிய வாய்க்கால் ஓரத்திலும் தலைக்கு மேல் தூண் மாதிரி சுழலும் கூட்டம் பெரும்பாலும் இதுதான்.

ஊசித்தட்டானும் குழியானையின் தாய்ப்பூச்சியும்: மணலில் கூம்புக்குழி தோண்டி எறும்பு பிடிக்கும் குழியானையை நம்மூர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அது வளர்ந்து இறக்கையோடு விளக்குக்கு வருவதைத் தட்டான் என்று நினைப்போர் அதிகம். நுனி தடித்த, தெளிவாகத் தெரியும் கொம்பு இருந்தால் குழியானை. செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பக்கத்து ஊர்களில் இந்தக் குழப்பம் கூடுதலாகவே வரும்.

தண்ணீருக்குள் இருப்பது: கல்லைப் புரட்டிப் பார்த்தல்

பறக்கும் பூச்சி காற்றில் எங்கிருந்தும் வந்திருக்கலாம். அந்த இடத்தில் வாழ்வது எது என்பதைக் கல்லடிதான் சொல்லும். தேவை: வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு அல்லது பேசின், மாவு சலிக்கும் பிடிவைத்த சல்லடை, மென்மையான பெயின்ட் பிரஷ், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்.

1. முழங்கால் ஆழத்துக்குள், தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆழமான கசத்தில் இறங்காதீர்கள். அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறும். ஆற்று நடுவில் உள்ள பாறையில் நின்றுகொண்டு இதைச் செய்ய வேண்டாம்.
2. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, ஆற்றடியில் பாதி புதைந்த கல்லைத் தேடுங்கள். சல்லடையைக் கல்லுக்குக் கீழ்ப்புறம், ஓட்டத்துக்கு எதிராக வாய் இருக்கும்படி பிடித்துக்கொண்டு பிறகு கல்லைத் தூக்குங்கள். முதலில் கல்லைத் தூக்கினால் பாதிப் பூச்சி அடித்துப்போய்விடும்.
3. தட்டில் ஒரு விரல் ஆழம் ஆற்றுத் தண்ணீர் ஊற்றி, கல்லின் அடிப்பக்கத்தை அதில் பிரஷால் மெல்லத் தட்டிவிடுங்கள். சல்லடையில் இருப்பதையும் கவிழ்த்துக் கழுவுங்கள்.
4. இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். அசையும்போதுதான் பூச்சிக்கும் சருகுக்கும் வித்தியாசம் தெரியும்.
5. பார்த்து முடித்ததும் பூச்சியைத் தண்ணீரில் விட்டு, கல்லை எடுத்த இடத்திலேயே எடுத்த பக்கமாகவே வையுங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டிய முட்டையும் கூடும் வெயில்பட்டால் காய்ந்துவிடும்.

வேகமான ஓட்டத்தில் கல்லைத் தூக்கியவுடன் கண்ணில் படுவது பெரும்பாலும் ஹெப்டஜீனிடே குடும்பத்து மேஃப்ளை இளம்பூச்சி. தலை முதல் தொடை வரை தட்டை. கண் இரண்டும் தலையின் மேற்புறத்தில். வெளிச்சம் பட்டதும் பக்கவாட்டில் நண்டு மாதிரி சறுக்கி மறுபுறம் போய்விடும். விரலால் எடுக்கப் போனால் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். கால்தான் பிய்ந்து வரும். பிரஷ் வேண்டும் என்பது இதற்காகத்தான். வயிற்றின் இருபுறமும் இலை இலையாக அடிக்கும் செவுள்களை லென்ஸில் பார்க்கலாம்.

இளம்பூச்சிகளைப் பிரிப்பது இப்படி: வயிற்றில் செவுள், காலுக்கு ஒரே நகம், வால் இழை பெரும்பாலும் மூன்று என்றால் மேஃப்ளை. இழை இரண்டே இரண்டு, காலுக்கு இரண்டு நகம், செவுள் கால் முளைக்கும் இடத்தில் குஞ்சமாக இருந்தால் ஸ்டோன்ஃப்ளை. நம் மலை ஓடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பெர்லிடே குடும்பம். பின்முனையில் மூன்று இருக்கிறது, ஆனால் நூலாக இல்லாமல் தட்டையான இலையாக இருக்கிறது, வயிற்றில் செவுளும் இல்லை என்றால் அது ஊசித்தட்டானின் குஞ்சு. இந்தக் கடைசிக் குழப்பம் படித்தவர்களுக்கும் வரும்.

மணலும் சருகுத்துண்டும் ஒட்டிய சிறு குழாய் ஒன்று தானாக நகர்ந்தால் உள்ளே கேடிஸ் புழு இருக்கிறது. வாயிலிருந்து சுரக்கும் பட்டால் ஒட்டிக் கட்டிய வீடு அது. குழாய் கட்டாத வகைகளும் உண்டு. ஹைட்ரோசைக்கிடே குடும்பம் கற்களுக்கிடையே சிறு வலை பின்னி, ஓட்டத்தில் வருவதை வடிகட்டித் தின்னும். கல்லைத் தூக்கியதும் வலை சுருங்கி அழுக்குப் பிசுக்காகத் தெரிவதால் பலர் துடைத்துவிடுகிறார்கள்.

'வால்' என்று பார்த்து ஏமாற வைப்பது நீர்த்தேள். குளத்திலும் மெதுவான வாய்க்காலிலும் இருக்கும். பின்னால் நீண்டிருப்பது காற்று உறிஞ்சும் குழாய். அது கொட்டாது, குத்துவது வாய்முனை.

தொடக் கூடாதவை

மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ், தட்டான் எதனாலும் கேடில்லை. கவனிக்க வேண்டியவை மூன்று.

பேடரஸ் என்னும் சிறு வண்டு: நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள், ஆரஞ்சும் கறுப்பும் பட்டையாக, எறும்பு மாதிரி ஓடும். கார், பிசானம் இரண்டு பருவத்திலும் வயல்வெளியில் உண்டு, விளக்குக்கு வரும். கடிக்காது, கொட்டாது. ஆனால் தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடல்நீரில் உள்ள பேடரின் பட்டு, ஒன்றிரண்டு நாளில் கோடு போட்ட மாதிரி எரிந்து கொப்புளமாகும். ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

பெரிய நீர்மூட்டை: 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை, பழுப்பு, தட்டை, முன்கால் இடுக்கி மாதிரி. விளக்கடியில் விழுந்து கிடப்பதைச் செத்தது என்று எடுத்தால் குத்திவிடும். வலி கடுமையாக இருக்கும்.

கறுப்பு ஈ: சில மில்லிமீட்டர் அளவில், முதுகு கூனியிருக்கும். அருவி, வேக ஓடைப் பக்கம் கடிக்கும். கடிவாயில் ரத்தப் புள்ளி தெரியும்; அரிப்பு பல நாள் நீடிக்கும்.

படம் எடுப்பதும் பாதுகாப்பதும்

மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து யாராலும் பெயர் சொல்ல முடியாது. மேலே, பக்கவாட்டு, முகம், பின்முனை என்று நான்கு படம் வேண்டும். ஒன்றிலாவது பத்து ரூபாய் நாணயம் பக்கத்தில் இருக்கட்டும்; அதன் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால் அளவு கணக்கிடலாம். இறக்கை மடிந்த நிலையில் ஒரு படம் கட்டாயம். பூச்சியைப் பிடித்து இறக்கையை விரித்து எடுத்த படத்தில் முக்கிய அடையாளமே போய்விடுகிறது.

உயிரினப் படங்களைப் பகிர்ந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் ஏற்றலாம். ஆனால் செயலி தானாகச் சொல்லும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பழகிய படங்களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மிகுதி. தாமிரபரணிப் பூச்சிக்கு அங்குள்ள இனப்பெயரைத் தூக்கி வைக்கும். இனப்பெயரை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பெயரில் நிறுத்தினால், தெரிந்தவர் வந்து குடும்பம், இனம் என்று குறுக்கித் தருவார்.

காட்டுக்கு வெளியே கிடைத்த செத்த பூச்சியை 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைக்கலாம். கையில் இல்லையென்றால் நிறமில்லாத சானிடைசர் ஜெல் தற்காலிகத்துக்கு உதவும். பூச்சி அசையாமல் நிற்பதால் படமும் தெளிவாக வரும். இடம், தேதி, நேரம், ஓட்டமா தேக்கமா என்பதைப் பென்சிலால் தாளில் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஆழ்வார்குறிச்சியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம், கல்லூரி விலங்கியல் துறைகள் போன்ற இடங்களில் கேட்கும்போது இந்தக் குறிப்பில்லாத மாதிரியால் பயனில்லை.

காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறை, மணிமுத்தாறு அருவிப் பக்கம் எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே அனுமதி இல்லாமல் மீன் பிடிப்பதும் பூச்சி எடுப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூச்சி தண்ணீரைப் பற்றி என்ன சொல்கிறது

ஆய்வகத்துக்கு எடுத்துப்போகும் பாட்டில் தண்ணீர் அந்த ஒரு நிமிடத்தின் நிலையைச் சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவு காலைக்குள் போயிருந்தால் பாட்டிலில் தெரியாது. கல்லடியில் மாதக்கணக்கில் இருந்த பூச்சிக்கு அது தெரிந்திருக்கும், அதாவது செத்திருக்கும். இந்த அடிப்படையில் பிரிட்டனில் 1970-களின் கடைசியில் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதை நம் நாட்டுக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டது. மாசைத் தாங்காத குடும்பத்துக்கு 10, எதையும் தாங்கும் குடும்பத்துக்கு 1.

ஹெப்டஜீனிடே மேஃப்ளைக்கும் பெர்லிடே ஸ்டோன்ஃப்ளைக்கும் 10. வலை பின்னும் ஹைட்ரோசைக்கிடேக்கு 5. நீந்தும் பீட்டிடே மேஃப்ளைக்கு 4. கைரோனோமிடுக்கு 2. மண்புழு இனத்துச் சேற்றுப் புழுக்களுக்கு 1. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, குடும்ப எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு கல்லோட்டத்தில் முதல் நான்கும் கிடைத்தால் 29-ஐ 4-ஆல் வகுத்து 7.25. கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழே பீட்டிடே, கைரோனோமிடு, சேற்றுப்புழு மட்டும் என்றால் 7-ஐ 3-ஆல் வகுத்து 2.3. சராசரி 6-க்கு மேல் நல்ல தண்ணீர். 4-க்குக் கீழே கடுமையான மாசு.

'மேஃப்ளை இருந்தால் சுத்தம்' என்று ஒரே வரியில் சொல்வது ஏன் சரியில்லை என்பது இதிலேயே தெரிகிறது. மேஃப்ளையிலேயே 10-ம் உண்டு, 4-ம் உண்டு. பாலத்தில் குவிந்தது எந்தக் குடும்பம் என்று பார்க்காமல் ஆற்றுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. ஆனால் அதைச் சாக்கடைப் பூச்சி என்று சொல்வதும் ஆகாது.

சாக்கடையின் அடையாளம் வேறு. கரையோரச் சேற்றை அள்ளித் தட்டில் போட்டால் ரத்தச் சிவப்பில் புழுக்கள் நெளியும். அவை கைரோனோமிடின் புழுக்கள். உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கின்றன, சிவப்பும் அதனால்தான். நல்ல ஆற்றிலும் நாலைந்து இருக்கும். வேறெதுவும் இல்லாமல் இவை மட்டும் மொய்த்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒப்பிடும்போது இரண்டு தவறு நடக்கிறது. பாபநாசத்துக் கல்லோட்டத்தையும் திருநெல்வேலி நகரத்துக் குறுக்குத்துறை மணல்படுகையையும் ஒப்பிட்டு 'கீழே கெட்டுப்போச்சு' என்பது முதல் தவறு. மாசே இல்லாவிட்டாலும் ஸ்டோன்ஃப்ளை சமவெளியில் குறையும். வெப்பம் கூடி ஆக்சிஜன் குறைகிறது. பற்றிக்கொள்ளக் கல்லும் இல்லை. ஒப்பிட வேண்டியது கழிவு வாய்க்கால் சேரும் இடத்துக்கு 100 மீட்டர் மேலும் 100 மீட்டர் கீழும், ஒரே நாளில், ஒரே மாதிரி படுகையில், இருபுறமும் ஒரே எண்ணிக்கைக் கற்களை.

இரண்டாவது, வெள்ளத்துக்குப் பிறகு உடனே பார்ப்பது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழையும் தாமிரபரணியில் வந்த வெள்ளமும் போன்ற நிகழ்வில் ஆற்றடியே புரண்டுவிடும். கல் உருண்ட இடத்தில் பூச்சி இருக்காது. அதற்கு மாசு காரணமில்லை. மேலே இருந்து அடித்து வருபவையும், பறந்து வந்து முட்டையிடுபவையும் மறுபடி குடியேறச் சில வாரம், சில மாதம் ஆகும். வேகமாகத் தலைமுறை போடும் பீட்டிடே முதலில் வரும், வளர நாளெடுக்கும் ஸ்டோன்ஃப்ளை கடைசியில் வரும். வெள்ளம் வடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, மழையில்லாத வாரத்தில் எடுத்த கணக்குக்குத்தான் மதிப்பு உண்டு.